கல்லாவுக்கு அப்பால் – 11: கல்யாணத்துக்கு மறுநாள் போட்ட வழக்கு

சென்ற வாரம் மில்டன் ஃப்ரீட்மனோடு நிறுத்தினோம். கம்பெனிக்கு இருக்கும் ஒரே சமூகப் பொறுப்பு, விதிகளுக்கு உட்பட்டு லாபத்தைப் பெருக்குவதுதான் என்று 1970 செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் அவர் எழுதியது நினைவிருக்கும். இல்லாதவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். அந்தக் கருத்து நிர்வாகப் படிப்புக்குள் எப்படி நுழைந்தது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஃப்ரீட்மனுக்கு அரை நூற்றாண்டு முன்பே அமெரிக்க நீதிமன்றம் ஒன்று கிட்டத்தட்ட இதையே சொல்லியிருக்கிறது. அதை ஒரு பத்தியில் தொட்டுவிட்டு மேலே போகலாம் என்று எடுத்தேன். இதழ் அச்சுக்குப் போகப் போகிறது, உதவி ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார், நான் இன்னும் அந்த வழக்கை விட்டு வெளியே வரவில்லை.

1916 நவம்பர் 1. டெட்ராய்ட் நகரில் ஹென்றி ஃபோர்டின் ஒரே பிள்ளை எட்செலுக்குக் கல்யாணம். வந்திருந்தவர்களில் ஜான் டாட்ஜும் ஒருவர். மறுநாள் ஜானும் தம்பி ஹொரேஸும் மாப்பிள்ளையின் அப்பா மேல் வழக்குப் போட்டார்கள்.

இந்த டாட்ஜ்கள் பெயரில் இன்றைக்கும் கார் வருகிறது. 1903-ல் ஃபோர்டு கம்பெனி ஆரம்பித்தபோது அவர்களிடம் நல்ல இயந்திரப் பட்டறை இருந்தது. ஃபோர்டிடம் காசு இல்லை. இன்ஜின், கியர், ஆக்ஸில் எல்லாம் செய்து தர ஒப்புக்கொண்டு, 10,000 டாலருக்குப் பாதிக்கு மேல் பொருளாகவும் மீதியைக் கடன் பத்திரமாகவும் கொடுத்து, கம்பெனியில் பத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டார்கள். ஆரம்ப வருடங்களில் ஃபோர்டு காருக்குள் இருந்ததில் பெரும்பகுதி டாட்ஜ் பட்டறைச் சரக்கு. அடுத்தவன் பெயரில் ஓடும் வண்டிக்கு எத்தனை நாள்தான் உழைப்பது? 1914-ல் சொந்தக் காரை இறக்கினார்கள். அதற்கு முதல் எங்கிருந்து வந்தது? ஃபோர்டு கம்பெனி கொடுத்த டிவிடெண்டிலிருந்து.

தன் கல்லாவிலிருந்தே போட்டிக்காரனுக்கு முதல் போவதைப் பார்த்துக்கொண்டு எந்த முதலாளிக்குத் தூக்கம் வரும்?

1916-ல் கம்பெனியின் லாபம் வருடத்துக்கு ஏறத்தாழ 6 கோடி டாலர். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் வழக்கமான டிவிடெண்ட் போக, சிறப்பு டிவிடெண்ட் என்றே 4 கோடி டாலர் அளவுக்குப் பங்குதாரர்களுக்குப் போயிருந்தது. இனிமேல் சிறப்பு டிவிடெண்ட் கிடையாது என்றார் ஃபோர்டு. வருடத்துக்கு 12 லட்சம் டாலர், அவ்வளவுதான். மிச்சத்தில் ரூஜ் ஆற்றங்கரையில் இரும்பு உருக்கும் உலையோடு மாபெரும் ஆலை கட்டப்போவதாக அறிவித்தார். அதோடு 440 டாலர் காரின் விலையை 360 ஆக்கினார். செய்கிற கார் அத்தனையும் விற்றுக்கொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் விலையைக் குறைப்பவனைப் பார்த்தால் பங்குதாரருக்குப் பைத்தியம்தான் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் ஃபோர்டின் வாய் அவரைக் கவிழ்த்தது. விலையைக் குறைத்தால் அதிகம் விற்கும், அதிகம் விற்றால் நாளைக்கு அதிக லாபம் வரும், இது என் வியாபாரக் கணக்கு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். வியாபார முடிவுகளில் நீதிபதிகள் தலையிட விரும்புவதில்லை. பெரும்பாலும் அதோடு முடிந்திருக்கும். மனிதர் கூண்டில் ஏறி வேறு பேச்சுப் பேசினார். பங்குதாரர்கள் ஏற்கனவே போதுமான அளவுக்கு மேல் வாங்கிவிட்டார்கள். இன்னும் நிறையப் பேருக்கு வேலை தர வேண்டும். இந்தத் தொழிலின் பலன் முடிந்த அளவு அதிகமான மக்களுக்குப் போய் அவர்கள் வாழ்க்கையும் வீடும் அமைத்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் நல்லது செய்வதுதான் தொழில், பணம் அதன் கூடவே வந்து சேரும் என்ற பொருளில் அடித்துச் சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அன்று மத்தியானச் சாப்பாடு இனித்திருக்கும்.

1919 பிப்ரவரியில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வியாபாரக் கம்பெனி என்பது முதன்மையாகப் பங்குதாரர்களின் லாபத்துக்காக நடப்பது. அந்த லாபத்தை எந்த வழியில் ஈட்டுவது என்பதில் இயக்குநர்களுக்குச் சுதந்திரம் உண்டு. நோக்கத்தையே மாற்றி ஊருக்கு அள்ளிக் கொடுக்கும் சுதந்திரம் கிடையாது. ஆகவே ஏறத்தாழ 1 கோடியே 93 லட்சம் டாலர் டிவிடெண்டாகக் கொடு. ஆனால் ரூஜ் ஆலையைக் கட்டு, வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வியாபார நிபுணர்கள் இல்லை. டாட்ஜ்கள் கேட்டதில் பாதிதான் கிடைத்தது.

இந்த வாரம் என்னைப் பிடித்துவைத்த விஷயம் இதற்கு அப்புறம் வருகிறது. கம்பெனியில் 58 சதவீதப் பங்கு யாருடையது? ஃபோர்டுடையது. அப்படியென்றால் 1 கோடியே 93 லட்சத்தைக் கொடு என்று நீதிமன்றம் அதட்டியதில் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல் அவருடைய பைக்கே திரும்பிப் போனது! தோற்றவனுக்குப் பெரும் பங்கு கிடைத்த வேறு வழக்கு எனக்குத் தெரியாது.

ஃபோர்டு அதில் சமாதானம் ஆகவில்லை. மேல் தீர்ப்பு வருவதற்கு முன்பே, 1918 கடைசியில், தலைவர் பதவியை எட்செலிடம் கொடுத்துவிட்டு கலிபோர்னியா போய்விட்டார். தீர்ப்பு வந்த அடுத்த மாதம் லாஸ் ஏஞ்சலிஸ் பத்திரிகை ஒன்றில் செய்தி: ஃபோர்டு தனியாக ஒரு புதுக் கம்பெனி தொடங்கப்போகிறார், மாடல் டி-யைவிட மலிவான கார் வரப்போகிறது. அப்படியானால் பழைய கம்பெனியின் பங்கு என்ன ஆகும்? வெறும் காகிதம். பங்குதாரர்கள் கலங்கிப்போன நேரத்தில் தரகர்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் போய்ப் பார்த்தார்கள். 1919 ஜூலைக்குள் வெளியார் பங்கு அத்தனையும் ஃபோர்டு குடும்பத்தின் கைக்கு வந்துவிட்டது. புதுக் கம்பெனியும் வரவில்லை, புதுக் காரும் வரவில்லை. செலவு 10 கோடி டாலருக்கு மேல். கிழக்கத்திய வங்கிகளில் கடன் வாங்கித்தான் கொடுத்தார். டாட்ஜ்களுக்கு 2 கோடியே 50 லட்சம் டாலர் கிடைத்தது. அடுத்த வருடமே, 1920-ல், ஜனவரியில் அண்ணனும் டிசம்பரில் தம்பியும் இறந்துபோனார்கள்.

அந்தப் பங்குதாரர்களில் ரொசெட்டா கஸின்ஸ் என்று ஒரு பள்ளி ஆசிரியை இருந்தார். 1903-ல் அவர் போட்டது 100 டாலர். வந்த டிவிடெண்டைத் தனியே வைத்தாலும், பங்கை விற்றதில் மட்டும் 2,60,000 டாலருக்கு மேல் வாங்கினார். அவரை உள்ளே இழுத்தவர் அண்ணன் ஜேம்ஸ் கஸின்ஸ், ஃபோர்டு கம்பெனியின் கணக்கையும் விற்பனையையும் கட்டி மேய்த்தவர். ஃபோர்டோடு ஒத்துப்போகாமல் 1915-ல் பதவியை விட்டாரே தவிர, பங்கை விடவில்லை. 1919-ல் அந்தப் பங்குக்கு ஏறத்தாழ 3 கோடி டாலர் கிடைத்தது. பின்னால் டெட்ராய்ட் மேயரானார், செனட்டர் ஆனார். 1929-ல் மிச்சிகன் குழந்தைகளின் நலனுக்காக 1 கோடி டாலர் எடுத்துவைத்து, 25 ஆண்டுக்குள் அசல் வட்டி எல்லாவற்றையும் செலவழித்துவிட வேண்டும் என்று நிபந்தனை போட்டார். தன் பெயர் சொல்ல நிரந்தர அறக்கட்டளை வைக்காத பணக்காரர்! இவரைப் பற்றியே ஒரு வாரம் எழுதலாம். வேண்டாம், போன் அடிக்கிறது.

சரி, யார் பக்கம் நியாயம்? இந்தத் தொடரை இவ்வளவு நாள் படித்தவர்கள் நான் ஃபோர்டு பக்கம் சாய்வேன் என்று நினைக்கலாம். தொழிலாளிக்கு வேலை, ஊருக்கு மலிவு விலையில் கார், இதைத்தானே கம்பெனிகளிடம் கேட்கிறோம்? அவசரப்பட வேண்டாம். ஃபோர்டின் நாள் சம்பளம் 5 டாலர் திட்டத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1914 ஜனவரியில் வந்தது. உலகமே வாயைப் பிளந்தது. அதற்கு முந்தைய வருடம் அங்கே வேலையை விட்டு ஓடியவர்கள் கணக்கு 370 சதவீதம். ஒரு இடத்தை நிரப்பி வைக்கவே வருடத்துக்கு நாலு பேரைப் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த 5 டாலரில் பாதிக்கு மேல் லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அது கிடைக்க வேண்டுமானால் தொழிலாளி ஒழுங்காக வாழ வேண்டும். ஒழுங்கு என்பதை யார் முடிவு செய்வது? கம்பெனியில் ‘சமூகவியல் துறை’ என்று ஒன்று வைத்தார்கள். அதன் ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். குடிக்கிறாயா, வங்கியில் எவ்வளவு சேர்த்திருக்கிறாய், வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாயா, வெளியாளுக்கு அறை வாடகைக்கு விட்டிருக்கிறாயா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மனைவியிடமும் கேட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நிர்வாகக் கல்லூரியில் பேசப் போனபோது இந்தக் கதையைப் பாதி சொல்லி, ஃபோர்டா டாட்ஜா என்று கை தூக்கச் சொன்னேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. காரசாரமான வாதம், நல்ல ஆங்கிலம். கை தூக்காத ஒரு மாணவி கடைசியில் எழுந்து, “சார், அந்த அஞ்சு டாலர் லேடீஸுக்கும் உண்டா?” என்று கேட்டார். முதலில் பெரும்பாலான பெண்களுக்குக் கிடையாது, 1916-ல்தான் விரிவாக்கினார்கள் என்றேன். “அப்ப ரெண்டு பேருமே எங்களைக் கேக்கலையே” என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் தயாரித்து வைத்திருந்த உரையைத் தொடர்வது கஷ்டமாக இருந்தது.

நிர்வாகப் படிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அந்தப் பெண்ணின் கேள்விக்குள் இருக்கிறது. ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் 1908-ல் தொடங்கியது. நடந்த ஒரு சம்பவத்தைக் கையில் கொடுத்து, நீதான் முடிவெடுக்க வேண்டியவன், என்ன செய்வாய் என்று கேட்கும் கேஸ் ஸ்டடி முறை அங்கிருந்துதான் உலகமெங்கும் பரவியது. 1961-ல் அகமதாபாத் ஐஐஎம் ஹார்வர்டின் துணையோடு தொடங்கியபோது இந்தியாவுக்கும் முழுசாக வந்தது. அருமையான முறை, மனப்பாடத்தைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அதில் மாணவன் எப்போதும் ஒரே நாற்காலியில்தான் உட்காருகிறான். இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான கேஸ் படிக்கிறான். ஏறக்குறைய எல்லாவற்றிலும் அவன்தான் முதலாளி, நிர்வாக இயக்குநர், குறைந்தபட்சம் மார்க்கெட்டிங் மேனேஜர். கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்து வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கேட்கும் ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் தொழிலாளியின் மனைவியாக எந்த வகுப்பிலாவது உட்கார வைத்தார்களா? படித்து வெளியே வருபவனுக்கு நல்லது செய்யத் தெரியலாம். செய்வதற்கு முன் கேட்கத் தெரியாது.

லின் ஸ்டவுட் என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியை 2008-ல் ஒரு கட்டுரை எழுதினார். டாட்ஜ் வழக்கைப் பாடமாக நடத்துவதை நிறுத்துங்கள் என்பது அதன் தலைப்பிலேயே இருந்தது. பங்குதாரர் லாபம் பற்றிய அந்த வரி தீர்ப்பின் போக்கில் சொல்லப்பட்ட கருத்து, கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. பெரும்பான்மைப் பங்குதாரர் சிறுபான்மையினரை நெருக்கிய சண்டைதான் இது என்பது அவர் வாதம். வாதம் சரி. பங்காளிச் சண்டையைக் கொள்கைச் சண்டையாகப் படித்திருக்கிறார்கள். ஆனால் பாடத்தையே எடுத்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த ஒற்றை வரியை மட்டும் நடத்துவதை நிறுத்தினால் போதும். கல்யாணத்திலிருந்து ரொசெட்டாவின் காசோலை வரைக்கும் நடத்தட்டும், நாற்காலியை மாற்றி மாற்றிப் போட்டு.

நம் சட்டம் எங்கே நிற்கிறது என்று ஒருவர் கடிதத்தில் கேட்டிருந்தார். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு எல்லாருக்கும் தெரியும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள், கடந்த மூன்று வருடச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். மரம் நடும் போட்டோ எடுக்க உதவும் பிரிவு. அதே சட்டத்தின் 166-வது பிரிவைப் பற்றி யாரும் போட்டோ எடுப்பதில்லை. இயக்குநர் என்பவர் பங்குதாரர்களோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகியவற்றின் நலனையும் மனதில் வைத்து நல்லெண்ணத்தோடு நடக்க வேண்டும் என்கிறது அது. 135 மூன்று வருடச் சராசரியின் நூற்றில் இரண்டு ரூபாயைப் பற்றியது. 166 மிச்சம் 98 ரூபாயும் எப்படி வந்தது என்று கேட்கக்கூடியது. டெட்ராய்ட் வழக்கு இங்கே நடந்திருந்தால் ஃபோர்டின் வக்கீலுக்கு அது கைகொடுத்திருக்கும். ஊழியரின் மனைவிக்குக் கைகொடுத்திருக்குமா என்பது வேறு விஷயம். அந்தப் பிரிவும் அவரிடம் கேள் என்று இயக்குநரிடம் சொல்லவில்லை.

ஃப்ரீட்மன் வகுப்பறைக்குள் நுழைந்த கதையை ஆரம்பிக்கவே இல்லை. அது அடுத்த வாரம். கல்கத்தாவில் பிறந்து, இந்தியன் ஆயிலில் வேலை பார்த்து, எம்ஐடியிலும் ஹார்வர்டிலும் டாக்டர் பட்டம் வாங்கி, ஹைதராபாத் இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸின் முதல் டீனாக இருந்த சுமந்த்ரா கோஷல் வருகிறார். நிர்வாகப் பேராசிரியர்களாகிய நாம்தான் மாணவர்களிடமிருந்து பொறுப்புணர்ச்சியைக் கழற்றி எடுத்தோம் என்று தன் சொந்தச் சாதியையே குற்றம் சாட்டி அவர் எழுதிய கட்டுரை, அவர் 2004-ல் இறந்த பிறகு, 2005-ல் அச்சானது. அவர் எழுதும்போது கண்முன்னே இருந்தது, கணக்கு மோசடியில் கவிழ்ந்த அமெரிக்கக் கம்பெனி என்ரான். அதை நடத்திய ஜெஃப்ரி ஸ்கில்லிங் ஹார்வர்டில் 1979-ல் எம்பிஏ முடித்தவர், முதல் வரிசை மாணவர்.

(தொடரும்)