பிள்ளை விளையாட்டா இது?

"பையன்கள் என்றால் அடித்துக்கொள்ளத்தான் செய்வார்கள், நாலு நாளில் தானே சரியாகிவிடும்!" பிள்ளை அழுதுகொண்டு வந்து நின்றால் நம்மில் பலர் சொல்லும் பதில் இதுதான். அறந்தாங்கி வட்டாரத்தில் வயலில் பாடுபடும் தோழரும் சொல்கிறார். கடைத்தெருவில் மூட்டை தூக்கும் தோழரும் சொல்கிறார். இது சரிதானா என்று கேட்கிறோம்.

நம் மாவட்டத்துக் கதையாகவே ஒரு படம் வந்தது. 2009இல் வெளியான 'பசங்க'. திருமயம் வட்டத்து விராச்சிலைதான் அதில் கதை நடக்கும் ஊர். எடுத்த டைரக்டர் பாண்டிராஜும் அந்த மண்ணின் பிள்ளைதான். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. புதிதாகப் பள்ளியில் சேரும் அன்புக்கரசுவை, வாத்தியார் மகன் ஜீவா கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு வம்புக்கு இழுக்கிறான். ஏன் இப்படி? படம் பிள்ளைகளை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வீட்டிலே தகப்பனும் தாயும் போடும் சண்டையையும், அண்டை வீட்டார் பகையையும் சேர்த்தே காட்டுகிறது. பெரியவர்கள் மனம் மாறுகிறார்கள்; பிள்ளைகளும் தோழர்களாகிறார்கள். நல்ல படம், நல்ல பாடம்.

ஆனால் தோழர்களே, எல்லாப் பகையும் இப்படிப் பேசித் தீர்ந்துவிடுகிறதா?

2018இல் மாரி செல்வராஜ் எடுத்த 'பரியேறும் பெருமாள்' அதற்குப் பதில் சொல்கிறது. அது திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக் கதை. ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்த மாணவனை உடன் படிப்பவர்களே அடித்து அவமானப்படுத்துகிறார்கள். மகனுக்காகக் கல்லூரிக்கு வந்த தகப்பனின் வேட்டியையும் உருவி ஓடவிடுகிறார்கள். கூத்தாடிப் பிழைக்கும் ஓர் ஏழைத் தொழிலாளி அவர்! விராச்சிலையில் இரண்டு வீட்டுப் பெரியவர்கள் சமாதானமானால் போதுமாக இருந்தது. இங்கே சமாதானம் பேச யார் வருவார்? சாதி அல்லவா குறுக்கே நிற்கிறது!

சினிமாதானே என்று தள்ளிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது என்ன? பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவன் ஒருவன் சக மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். பள்ளியில் கேட்டபோது நடந்ததைச் சொன்னான். சொன்னதற்குக் கிடைத்த கூலி, இரவு வீடு புகுந்து அரிவாள் வெட்டு! தடுக்க ஓடிவந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் வேற்று நாட்டார் அல்ல, உடன் படித்த மாணவர்கள். அந்தப் பிள்ளை பிழைத்தெழுந்து, 2024இல் 600க்கு 469 மதிப்பெண் வாங்கித் தேறினான் என்பது நாம் தலைநிமிர்ந்து சொல்லவேண்டிய செய்தி.

புத்தகம் பிடிக்கும் கையில் அரிவாளைக் கொடுத்தது யார்? மணிக்கட்டில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டிவிட்டது யார்? பெரியவர்கள்தானே! 2019இல் அந்தக் கயிற்றுக்கு எதிராகக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. உடனே கூச்சல் கிளம்பியது. அன்றைய கல்வி அமைச்சரோ பழைய நிலையே தொடரும் என்று பின்வாங்கினார். நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை தந்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி போன்ற சாதி அடையாளங்கள் கூடாது. பள்ளிப் பெயர்களில் சாதிப் பெயர் கூடாது என்று அது சொன்னது. அறிக்கை அலமாரியில் தூங்குவதற்காக எழுதப்பட்டதல்ல.

சர்க்காரைக் கேட்போம், நம்மையும் கேட்டுக்கொள்வோம். கூலி குறைந்தால் முதலாளி முன் நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறோம். பிள்ளையின் பள்ளிக்கூட வாசலை எத்தனை முறை மிதித்திருக்கிறோம்? 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைகளை அடிப்பதும் மனத்தைத் துன்புறுத்துவதும் கூடாது என்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும் என்கிறது. அந்த இடம் நம்முடையது. அதில் உட்காருங்கள், பேசுங்கள். மிரட்டப்படும் பிள்ளைக்காக 1098க்குத் தொலைபேசியில் சொல்லலாம். பள்ளிக் கல்வித்துறையின் 14417க்கும் சொல்லலாம்.

1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தது. உழைக்கும் பெண்கள் ஆயிரமாயிரமாக எழுத்தும் கற்றார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அந்தத் தாய்மார்களின் பேரப்பிள்ளைகள் அச்சத்தால் பள்ளியைவிட்டு ஓடலாமா?

அடிபட்டு வரும் பிள்ளையிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்லாதீர்கள். "யார், எதற்காக?" என்று கேளுங்கள். அடித்துவிட்டு வரும் பிள்ளையையும் உட்காரவைத்துக் கேளுங்கள். அவன் கையில் கயிறு இருந்தால் அதை இன்றைக்கே அறுத்தெறியுங்கள்!