முகமுண்டு, பெயரில்லை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய நகரங்களில் பெருமளவில் விற்பனையான பொருள்களுள் ஒன்று, பலே நடனத் தாரகையரின் புகைப்படத் தபாலட்டை. பல அடுக்கு மெல்லிய பாவாடையும் சிறகு முடியும் அணிந்து, நுனிக்காலில் நிற்கும் கோலத்தில் அவர்கள் அதிலே காட்சியளித்தனர். புத்தளக் கரையோர வாசகருக்கு இதில் என்ன அக்கறை என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கான விடை, அந்த அட்டைகளின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும் ஒற்றை வரியில் இருக்கிறது.

உலகின் முதலாவது தபாலட்டை 1869ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி ஆஸ்திரிய-ஹங்கேரியில் வெளியானது. தனியார் அச்சிட்ட பட அட்டைகளைப் பிரித்தானியா 1894இல் அனுமதித்தது. 1902இல் அங்கே அட்டையின் பின்புறம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, செய்திக்கும் முகவரிக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. முன்புறம் முழுவதும் படத்துக்கே உரியதாயிற்று. அதே காலத்தில் புரோமைட் தாளை நீண்ட சுருள்களாக இயந்திரத்தில் ஓட்டிப் படம் பதிக்கும் முறையும் ஜேர்மனியில் வளர்ந்தது. அச்சிட்ட படத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால் பெரும்பாலும் புள்ளிகள் தென்படும். உண்மையான புகைப்பட அட்டையில் புள்ளிகள் இரா. பழைய அட்டைகளில் இருண்ட பகுதிகள் வெள்ளி போல மினுங்குவதும் உண்டு.

இலண்டன் எம்பயர் அரங்கில் 1897 முதல் ஆடிப் புகழ்பெற்ற டென்மார்க் நாட்டவரான அடலின் ஜெனே, 1910இல் அந்நகர மேடையேறிய ரஷ்யரான அன்னா பாவ்லோவா ஆகியோரின் அட்டைகளில் அவர்களது பெயர் அச்சிடப்பட்டிருந்தது. பல அட்டைகளில் நாட்டிய நாடகத்தின் பெயரும் படப்பிடிப்பு நிலையத்தின் பெயரும் உண்டு. ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் எந்த உடை எந்த நாடகத்துக்குரியது, அதை அணிந்தவர் யார் என்பதை ஆய்வாளர் கண்டறிய முடிவது இதனாலேயே.

அதே ஆண்டுகளில் இலங்கையிலும் பட அட்டைத் தொழில் செழித்திருந்தது. 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் அவற்றுள் முதன்மையானது. கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய கப்பற் பயணிகள் இவ்வட்டைகளை விரும்பி வாங்கினர். அவற்றின் அடியிலும் ஒரு வரி இருந்தது: கண்டி நடனக்காரர், பேயாட்டக்காரர், தமிழ்ப் பெண், சோனகர். ஆடியவருக்கு ஊரும் குருவும் பெயரும் இருந்தன. அட்டையிலோ பெரும்பாலும் இனமும் தொழிலும் மாத்திரமே இருந்தன. ஐரோப்பியத் தாரகை தனி மனுஷியாக விற்பனையானார். எம்மவர் மாதிரிப் பொருளாக விற்பனையாயினர். இன்று அம்முகங்களைத் தம் மூதாதையர் என அடையாளங்காண எவராலும் இயலாது.

இதற்குக் குடியேற்ற ஆட்சியைக் குறைகூறுவதில் நியாயமுண்டு. ஆயினும் எமது வீட்டுப் படங்களின் பின்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் நாமும் அதே தவற்றைச் செய்து வருவது புலப்படும். உடப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு, கரையோரக் கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்து, சிரம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் ஆடல் பாடல் என இம்மாவட்டத்தின் கலைச்செல்வம் பெரிது. அவற்றைக் காட்டும் பழைய படங்களிலே நிற்பவர் யார், எந்த ஆண்டு என்று எழுதி வைத்தோர் எத்தனை பேர்?

இக்கேள்வி இம்மாவட்டத்தில் மேலும் கனமானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களுட் பெரும்பாலோர் வந்து தங்கியது புத்தளத்திலேயே. யாழ்ப்பாணத்தவருக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி வழங்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினர். நகையையும் பணத்தையுமே எடுத்துவர விடாத நிலையில் படப்பெட்டியை எவர் எடுத்து வந்திருப்பர்? உருவப்படங்களைச் சுவரில் மாட்டும் வழக்கம் பல முஸ்லிம் இல்லங்களில் இல்லை. எனினும் அடையாள அட்டைப் படமும் திருமணப் படமும் ஹஜ் பயணப் படமும் பெட்டிகளில் இருக்கவே செய்தன. தப்பி வந்தவை சிலவே. யுத்தத்தில் வீடிழந்த தமிழ்க் குடும்பங்களின் கதையும் இதுவே.

எஞ்சியவற்றைக் காப்பதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. மென்மையான பென்சிலால் பின்புறத்தின் ஓரத்தில் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை அழுத்தாமல் எழுதலாம். குமிழ்முனைப் பேனாவின் மை மறுபக்கம் ஊறக்கூடும். ஒட்டுநாடாவும் பசை தடவிய அல்பங்களும் படத்தைக் கெடுக்கும். உப்புக்காற்று வீசும் எமது கரையோரத்தில் ஈரச்சுவரை ஒட்டிய அலுமாரியைத் தவிர்த்து, உலர்ந்த இடத்தில் கடித உறைகளுக்குள் வைப்பது நன்று. படத்தைப் பிரதி எடுக்கும்போது எழுத்துள்ள பின்புறத்தையும் சேர்த்தே எடுக்கவேண்டும்.

பாடசாலைகளும் பள்ளிவாசல், கோயில், தேவாலய நிருவாகங்களும் இதனை ஊர்ப்பணியாக ஏற்கலாம். 1990இல் இருபது வயதினராக இருந்தோர் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்களின் பெற்றோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். படத்திலுள்ள முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்ல வல்லோர் இருக்கும்போதே அப்பெயரை எழுதிக்கொள்வது இத்தலைமுறையின் கடமையாகும்.