மேல் மாடிக்கு யார் சொல்வது?

அக்குறணையில் இன்று கெமரா பூட்டாத கடையைக் காண்பது அரிது. கள்ளனைப் பிடிக்க எட்டு கெமரா, கல்லாவுக்கு மேலே டீவி, முதலாளியின் கையடக்கத் தொலைபேசியிலும் அதே படம். தீக்கென்று பார்த்தால் ஒரு சிவப்பு சிலிண்டர் இருக்கும். அதுவும் பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பின்னால் தொங்கிக் கொண்டிருக்கும்.

சில மாதங்களாக எனக்குத் தெரிந்த வியாபாரிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறேன். இரவு ஒரு மணிக்குக் கீழ்க்கடையில் தீப்பிடித்தால், மூன்றாம் மாடியில் படுத்திருக்கும் பொடியன்மாருக்கு யார் சொல்வது? "கத்துவாங்கதானே நானா" என்பதுதான் அநேகமானோரின் பதில். ஒருவர் மட்டும், "ஏன், போன் இருக்கே" என்றார்.

போன் எப்படி உதவும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1911 மார்ச் 25ஆம் திகதி அமெரிக்காவின் நியூயோர்க் நகரில் டிரையாங்கிள் என்ற ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. கட்டடத்தின் 8, 9, 10ஆம் மாடிகள் மூன்றும் அவர்களுடையவை. தீ தொடங்கியது எட்டில். எட்டாம் மாடியில் இருந்தவர்கள் பத்தாம் மாடிக்குப் போன் பண்ணினார்கள். அங்கேதான் முதலாளிமார் இருந்தார்கள். அவர்கள் கூரை வழியாகத் தப்பினார்கள். இடையில் இருந்த ஒன்பதாம் மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீயே நேரில் வந்துதான் அவர்களுக்குச் சொன்னது. இறந்தவர்கள் 146 பேர். பெரும்பாலானோர் தையல் வேலைக்கு வந்த இளம் பெண்கள்.

நியூயோர்க் நமக்குத் தூரம். சென்னை தியாகராய நகர் தூரமில்லை, துணி எடுக்கப் போகும் நம்மவர்களுக்கு அங்கே சந்து பொந்தெல்லாம் தெரியும். 2008 செப்டெம்பரில் அங்குள்ள சரவணா ஸ்டோர்ஸில் பிடித்த தீயில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். 2017 மே 31ஆம் திகதி அதிகாலை சென்னை சில்க்ஸ் கட்டடத்தின் அடித்தளத்தில் தீப்பிடித்தது. மேலே இருந்த ஊழியர்களைத் தீயணைப்புப் படையினர் இறக்கிக் காப்பாற்றினார்கள். ஏழு மாடிக் கட்டடம்தான் மிஞ்சவில்லை. இன்னும் கிட்ட வருவோம். 2019 ஒக்டோபரில் கண்டி யட்டிநுவர வீதியில் ஒரு மாடிக் கட்டடம் எரிந்தபோது, மேலே குடியிருந்த தகப்பன் தன் பிள்ளைகளைக் கீழே போட, தெருவில் நின்றவர்கள் ஏந்திப் பிடித்ததை எல்லோரும் போனில் பார்த்தோம்.

கண்டி நகரத்துக்குள்ளேயே அந்த நிலை. நமக்கு வண்டி வருவதென்றால் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலம் தாண்டி, ஏ9 வீதியின் நெரிசலுக்குள் நுழைந்து ஏழாம் கட்டைக்கு வர வேண்டும். பத்து கிலோமீற்றர் அளவுதான். மாலை ஐந்து மணிக்கு அந்தப் பத்து கிலோமீற்றர் எவ்வளவு நேரம் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே முதல் பத்துப் பதினைந்து நிமிடம் நம்முடைய கையில்தான் இருக்கிறது. 2018 மார்ச் வன்செயலுக்குப் பிறகு நம்மில் பலர் ஷட்டரையும் கம்பிக் கதவுகளையும் இன்னும் பலப்படுத்தினோம். வெளியிலிருந்து உள்ளே வருவது கஷ்டமானால், உள்ளிருந்து வெளியே போவதும் கஷ்டம்தான்.

எங்கள் கடையில் இந்த வருடம் தீ எச்சரிக்கைப் பொத்தான் பூட்டினோம். சிவப்புச் சதுரப் பெட்டி, நடுவில் அழுத்தும் இடம். பூட்டுகிறவர்கள் அதைக் 'கோல் பொயின்ட்' என்கிறார்கள். தீயைக் கண்டவர் அதை அழுத்தினால் எல்லா மாடியிலும் சைரன் ஒலிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. அது தானாகத் தீயைக் கண்டுபிடிக்காது. ஆளில்லாத ஸ்டோருக்குப் புகையை உணரும் கருவிதான் வேண்டும். அதையும் அதே பெனலில் சேர்த்துக்கொள்ளலாம்.

வயர் இல்லாத வகையை எடுத்ததற்குக் காரணம் எங்கள் கட்டடம். வாப்பா காலத்தில் ஓட்டுக் கடை. பிறகு ஒரு சிலெப், அதன்மேல் இன்னொன்று, பின்னால் ஸ்டோர் என்று வருமானம் வரவர வளர்ந்தது. வயர் இழுக்க டைல் பதித்த சுவரை உடைக்க வேண்டும். ஸ்டோரில் எலியும் இருக்கிறது. ஆனால் புதுக் கட்டடம் கட்டுபவருக்கு நான் இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். பூச்சுக்கு முன்னரே வயரைப் போட்டுவிட்டால் செலவு குறைவு, பெட்டரி மாற்றும் தொல்லையும் இல்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக் கோலிங் பெல் மாதிரியான மலிவான செட்கள் சந்தையில் தாராளம். அவை அழுத்தும்போது மட்டும்தான் பேசும். பெட்டரி செத்துப் போயிருந்தால், அழுத்தும் நாள்வரை அது யாருக்கும் தெரியாது. முறையான கருவி அப்படியல்ல. பொத்தான் பெட்டி குறிப்பிட்ட இடைவெளியில் பெனலுக்கு 'நான் இருக்கிறேன்' என்று ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தத் தொடர்பு அறுந்தால் 300 விநாடிக்குள் பெனல் கோளாறு காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய நியமம். பொத்தானுக்கு ஈஎன் 54-11, ரேடியோ தொடர்புக்கு ஈஎன் 54-25 என்ற இலக்கங்கள் பெட்டியில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாவது நியமத்தின்படி பெட்டரி குறைந்தது 36 மாதம் தாக்குப்பிடிக்க வேண்டும். ரேடியோ கருவி என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி பெற்ற மொடல்தானா என்றும் விற்பவரிடம் கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் வாங்காதீர்கள்.

எங்களுக்கு வந்த டெக்னீசியன் துளைபோடும் மெஷினை வெளியே எடுக்கவே அரை நாள் ஆனது. பொத்தானை ஒவ்வோர் இடமாகப் பிடித்து, பெனலில் சிக்னல் எத்தனை கோடு என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பின்படிக்கட்டில் சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. "ஷட்டர் எல்லாத்தையும் போடுங்க ஹாஜியார்" என்றார். போட்டதும் பாதியாகக் குறைந்தது. இரும்பு ஷட்டரும் கொங்கிரீட் சிலெப்பும் அலையைத் தின்னும். பெருநாள் சீசனில் படிக்கட்டுவரை சாமான் அடுக்குவோமே, அப்போது இன்னும் குறையும். பெட்டியை இரும்பு அலுமாரிக்கு அப்பால் நான்கடி தள்ளி வைத்ததும் சரியானது. இரவு நிலையில், ஷட்டர் பூட்டியபடி பார்க்காமல் விட்டுப்போகும் டெக்னீசியனுக்கு முழுக் காசையும் கொடுக்காதீர்கள்.

உயரம் நிலத்திலிருந்து 1.4 மீற்றர், அதாவது ஏறக்குறைய நாலரை அடி. எங்கிருந்தாலும் 45 மீற்றருக்குள் ஒரு பொத்தான் எட்ட வேண்டும் என்கிறது பிரித்தானிய நியமம். நமது கடைகளுக்கு அந்தக் கணக்கே தேவையில்லை. ஒவ்வொரு மாடியிலும் வெளியேறும் வாசலருகில் ஒன்று வைத்தால் போதும். தப்பி ஓடுகிற வழியில்தான் அது இருக்க வேண்டும், கல்லாவுக்குப் பக்கத்தில் அல்ல. பெனலைக் கீழ்த்தளத்தில் வைக்கலாமென்றார்கள், நான் மறுத்துவிட்டேன். பிங்கா ஓயா பெருகினால் நமது டவுனில் தண்ணீர் எதுவரை வரும் என்று வெளியூர் டெக்னீசியனுக்குத் தெரியாது. வாடிக்கையாளரின் பிள்ளைகள் விளையாட்டாக அழுத்தாமலிருக்கக் கண்ணாடி மாதிரியான மூடியொன்றும் போட்டோம்.

பூட்டியது ஒரு நாள் வேலை. சோதிப்பது வாரா வாரம். கருவியோடு வரும் சாவியைப் பெட்டியின் கீழே நுழைத்தால், உடைக்காமலே அழுத்தியதற்குச் சமம். பத்து விநாடிக்குள் சைரன் ஒலிக்க வேண்டும். எந்த மாடி என்று பெனல் சரியாகக் காட்ட வேண்டும். ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்பச் சோதிக்காமல் இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று. எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக ஷட்டர் போடும் நேரம் வசதியாக இருக்கிறது. பக்கத்துக் கடைகளுக்குச் சொல்லிவிட்டுச் செய்கிறோம். திகதி, எந்தப் பொத்தான், யார் பார்த்தது என்று கொப்பியில் எழுதுகிறோம். பெட்டரி குறைந்தால் பெனல் 'கீ கீ' என்று கத்தும். அந்தச் சத்தம் பிடிக்காமல் பொடியன்மார் பெட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

பகல் சோதனைகள் எல்லாம் சரிவந்த பிறகு, ஓர் இரவு முன்னறிவித்தல் இல்லாமல் ஒரு சோதனை செய்தோம். அக்கம்பக்கத்தாருக்கு மட்டும் சொல்லியிருந்தேன். பதினொன்றரைக்குப் பொத்தானை அழுத்தியதும் மேலே படுத்திருந்த மூவரில் இருவர் இறங்கி வந்தார்கள். மூன்றாமவன் வரவில்லை. போய்ப் பார்த்தால் உள்ளறையில் கதவைச் சாத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் போட்டுக்கொண்டு நல்ல தூக்கம். பதுளைப் பக்கத்துப் பொடியன், காலையிலிருந்து லொறி இறக்கிய களைப்பு. கடைக்குள் 65 டெசிபல் போதும், ஆனால் தூங்குபவரின் தலைமாட்டில் 75 டெசிபல் இருக்க வேண்டும் என்று நியமத்தில் எழுதியிருப்பது ஏன் என்று அன்றைக்கு விளங்கியது. அந்த அறைக்குள்ளேயே இன்னொரு சைரன் பூட்டினோம். அதற்கும் வயர் தேவைப்படவில்லை.

இனி, யார் அழுத்துவது? 1852இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் தந்திக் கம்பியால் தீயை அறிவிக்கும் பெட்டிகளைத் தெருக்களில் வைத்தார்கள். ஆரம்பத்தில் அந்தப் பெட்டிகள் பூட்டியிருக்கும். சாவி பொலிஸாரிடமும் ஊரில் மதிப்பான சிலரிடமும் இருக்கும். தீயைக் கண்டவன் முதலில் சாவிக்காரரைத் தேட வேண்டும். நமது கடைகளில் அந்தச் சாவி முதலாளியின் முகத்தில் இருக்கிறது. சம்பளத்துக்கு நிற்கும் பொடியன் புகையைக் கண்டாலும், 'அழுத்திவிட்டு ஒன்றுமில்லை என்றால் ஏச்சு விழுமே' என்றுதான் முதலில் யோசிப்பான். 2012 நவம்பர் 24ஆம் திகதி பங்களாதேஷில் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலை எரிந்தபோது மணி ஒலிக்கத்தான் செய்தது. ஒன்றுமில்லை, வேலையைப் பாருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள்.

ஆகவே எங்கள் பொடியன்மாரை வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவரையும் தன் கையால் ஒருமுறை அழுத்த வைத்தேன். பிழையாக அழுத்தினாலும் யாரும் ஏசமாட்டோம் என்று எல்லோர் முன்னும் சொன்னேன். அழுத்தியதும் தீயணைப்புப் படை தானாக வராது, ஒருவர் 110க்குப் போன் பண்ண வேண்டும், ஒருவர் பின்கதவின் சாவியோடு ஓட வேண்டும் என்று பெயர் குறித்து வைத்திருக்கிறோம்.

இரவுச் சோதனைக்கு மறுநாள் பக்கத்துக் கடை முதலாளி வந்தார். சத்தம் தன் ஸ்டோருக்குள் சரியாகக் கேட்கவில்லை என்றார். அவருக்கும் எங்களுக்கும் இடையில் ஒரே சுவர்தான். அந்தப் பக்கமும் நான்கு பேர் படுக்கிறார்கள். எங்கள் பெனலோடு அவருடைய ஸ்டோரில் ஒரு சைரனையும் பொத்தானையும் சேர்க்க முடியுமா என்று டெக்னீசியனிடம் கேட்டிருக்கிறோம். சுவரின் தடிப்பையும் சிக்னலையும் பார்க்க வரும் செவ்வாய்க்கிழமை வருகிறார். இந்தமுறை இரண்டு கடை ஷட்டரையும் போட்டுவிட்டுத்தான் பார்ப்பது என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.