‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’: இந்தப் பட்டியலைப் போடுவது யார்?

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவுக்குப் போகும் இந்தியச் சரக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் விதிக்கப்பட்டது. அந்தத் தேதி நெருங்க நெருங்க, திருப்பூர் வீரபாண்டி வட்டாரத்து மெர்ச்சண்டைசர்கள், குவாலிட்டி கன்ட்ரோலர்கள், பேட்டர்ன் மாஸ்டர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டு எழுதினார்கள்: “ஆர்டர் குறைந்தால் வேறு வேலை பார்க்க வேண்டும். லிங்க்ட்இனில் யாரைச் சேர்ப்பது?”

பரிந்துரைப் பட்டியல் எப்படி வருகிறது?

லிங்க்ட்இன் தளத்தில் ‘உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்’ என்று சிலரைக் காட்டும். தெரிந்தவர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி என்கிறது நிறுவனம். யார் கண்ணில் யார் பட வேண்டும் என்பதை ஒரு கணினிக் கணக்கு முடிவு செய்கிறது என்பதே சரியான விளக்கம்.

2015 முதல் 2019 வரை அந்தக் கணக்கை நிறுவனம் மாற்றி மாற்றிச் சோதித்தது. சிலருக்கு நெருங்கிய வட்டத்து ஆட்களும், சிலருக்கு எட்டத்து ஆட்களும் அதிகமாகக் காட்டப்பட்டார்கள். சோதனைக்கு உள்ளானவர்கள் உலகெங்கும் சுமார் 2 கோடிப் பேர். முடிவுகள் 2022 செப்டம்பரில் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயின. வேலை மாற அதிகம் கைகொடுத்தவர்கள் நெருங்கிய நண்பர்களும் அல்ல, முன்பின் தெரியாதவர்களும் அல்ல. பத்துப் பேர் அளவுக்குப் பொதுவான அறிமுகங்கள் கொண்ட இடைவட்டத்தினர். கூடவே இருப்பவருக்குத் தெரிந்த காலியிடம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். சற்றுத் தள்ளி இருப்பவரிடம்தான் புதுச் செய்தி இருக்கும்.

கண்டுபிடிப்பு பயனுள்ளது, வழிமுறை கவலை தருகிறது. சோதனை நடப்பதை அந்த 2 கோடிப் பேரிடம் யாரும் சொல்லவில்லை. பயனர் ஒப்பந்தத்தில் அதற்கு இடமிருக்கிறது என்பது நிறுவனத்தின் விளக்கம். பிழைப்பையே தொடும் சோதனைக்கு, கணக்குத் தொடங்கும்போது படிக்காமல் அழுத்திய ஒரு பொத்தானைச் சம்மதம் என்று ஏற்க முடியாது.

பனியன் தொழிலுக்கு இது பொருந்துமா?

பாதிதான். கணினி சார்ந்த துறைகளில் எட்டத்து அறிமுகமும், மற்றத் துறைகளில் நெருங்கிய உறவும் அதிகம் உதவின என்று அதே ஆய்வு சொல்கிறது. திருப்பூர் இரண்டாவது வகை. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜியும் கைவன் முன்ஷியும் 2004-ல் வெளியிட்ட ஆய்வு இங்குள்ள பின்னலாடைத் தொழிலைப் பற்றியதுதான். உள்ளூர்ச் சமூகத்தாருக்கு உறவு வழியில் முதலீடு தாராளமாகக் கிடைத்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் குறைந்த முதலீட்டில் தொடங்கியும் வேகமாக வளர்ந்தார்கள். வேலை தேடும்போதும், கைகொடுக்க உறவு இல்லாதவருக்குத்தான் இடைவட்டம் கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் யாரைச் சேர்ப்பது?

அந்த இடைவட்டத்தினர் ஏற்கெனவே உங்கள் போனில் இருக்கிறார்கள்: துணி கேட்டு நீங்கள் விரட்டிய டையிங் மாஸ்டர், காம்பாக்டிங் சூப்பர்வைசர், பிரிண்டிங் இன்சார்ஜ், இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பையிங் ஹவுஸ் க்யூசி. வெறும் அழைப்பு அனுப்பாமல், நினைவுபடுத்தி எழுதுங்கள்: “சார், போன சீசன் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் ஷேடு வேரியேஷன் வந்த பீஸ்களை உங்களோடு உட்கார்ந்து பிரித்தது நான்தான். இப்போது வேறு இடம் பார்க்கிறேன். உங்களுக்குத் தெரிந்த இடம் இருந்தால் சொல்லுங்கள்.” பதில் வந்தால் போனில் பேசுங்கள். அவருக்கு ஆள் தேவைப்படும்போது நீங்களும் சொல்லி அனுப்புங்கள்.

500 பேர் சேர வேண்டுமா? வேண்டாம். பெயரைச் சொன்னால் உங்களை அடையாளம் தெரிகிற 50 பேர் போதும்.

காசு கட்டும் பிரீமியம்? முதலில் தேவையில்லை.

வேலை தேடுவது முதலாளிக்குத் தெரியுமா? மறைக்கும் வசதி உண்டு. முழு உத்தரவாதம் இல்லை என்று நிறுவனமே சொல்கிறது.

போன் நம்பர் பட்டியலை ஏற்றலாமா? கூடாது. அது உங்களுடையது மட்டுமல்ல.

வெளிநாட்டு வேலைக்கு முன்பணம் கேட்டால்? கட்டாதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்டா என்று அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

வேலை போன பிறகு எழுதுவதைவிட, வேலையில் இருக்கும்போதே எழுதுவது நல்லது. இந்த வாரமே ஐந்து பேருக்கு எழுதுங்கள்.