பூவேலை எந்திரம் வாங்கப் போகிறீர்களா?

வீட்டுக்கு எம்பிராய்டரி எந்திரம் வாங்குகிறவர்கள், அதில் எத்தனை வகைப் பூக்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறார்கள்.

அது போதாது!

முதலில் பிரேமைப் பார்க்க வேண்டும். துணியை இறுக்கிப் பிடிப்பது அதுதான். அதற்குள்தான் ஊசி பூப் போடும்.

பல சிறிய எந்திரங்களில் பூப் போடும் இடம் 4 அங்குல நீளம், 4 அங்குல அகலம். குழந்தையின் சட்டைக்கு அது போதும். தலையணை உறை நிறையப் பூ வேண்டுமானால், துணியை மாற்றி மாற்றிப் பொருத்த வேண்டும். பிறகு பெரிய பிரேம் வாங்கி மாட்டினாலும், எந்திரம் தன் எல்லையைத் தாண்டாது.

ஒட்டுத்துணிப் போர்வை தைப்பவர்கள், ஊசிக்கு வலப்புறம் உள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். சுருட்டிய போர்வை அதில் நுழைய வேண்டுமே!

சில எந்திரங்கள் பூ மட்டும்தான் போடும். சட்டை தைக்காது. கேட்டு வாங்குங்கள்.

கடைக்குப் போகும்போது, விரும்பும் பூவைக் காகிதத்தில் அதே அளவில் வரைந்து கொண்டு போங்கள். அது அடங்கும் எந்திரமே உங்களுக்கு ஏற்றது.