மாரி நீரைக் கோடைக்கு வைத்தல்

செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருவீதியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே அமைந்த ஊர் கரடியனாறு. விவசாயத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் அங்கிருத்தலால் கமக்காரர் பலர் அதன் பெயரை நன்கறிவர். அவ்வூரையும் அயலையும் சூழ்ந்த வயல் வட்டைகள் முந்தனை ஆற்றையும், உறுகாமம், உன்னிச்சை ஆகிய குளங்களையும் நம்பியவை.

மழை வளமற்ற பிரதேசமென்று இதனைக் கூறுதல் பொருந்தாது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஆயின், அதிற் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் ஒருமிக்கக் கொட்டிவிடுகிறது. 2011 ஜனவரியில் பெருவெள்ளம் மட்டக்களப்பின் வயல்களை மூழ்கடித்தது. அத்தகைய வயல்களே ஆனி, ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வெடித்துக் கிடப்பதுமுண்டு. ஆகவே, மாரியில் வந்த நீரைச் சிறுபோகம் முடியுமட்டும் நிறுத்திவைப்பதே இங்குள்ள பிரச்சினை.

சிறுபோக நெல்லுக்கு ஓர் ஏக்கரில் நான்கு அடி உயரத்துக்கு மேல் நீர் செலவாகும். பயிர் குடிப்பது அதில் ஒரு பங்கே. எஞ்சியது ஆவியாகியும் மண்ணிற் கசிந்தும் போகும். நிலம் பண்படுத்துங் காலத்திலேயே பேரிழப்பு நேர்கிறது. தலைவாய்க்காலில் ஒருவர் முதல் வாரத்திலும், கடைவாய்க்காலில் மற்றொருவர் ஆறாம் வாரத்திலும் உழுதால், அத்தனை நாளும் வாய்க்காலை நிரப்பியே வைத்தல் வேண்டும். மூன்று வாரத்தில் உழவை முடிக்கும் வட்டையில் அதே நீர் கூடுதலான ஏக்கரை விளைவிக்கும். பி.ஜி. 300 போன்ற மூன்று மாத நெல்லை யாவரும் ஒருங்கே விதைப்பின் துருசையும் ஒரே நாளில் அடைக்கலாம். ஒருவர் மட்டும் நான்கு மாத நெல்லை விதைப்பாராயின் அவர் பொருட்டே வாய்க்கால் ஓட நேரும்.

இவற்றைத் தீர்மானிக்குமிடம் பயிர்ச்செய்கைக் கூட்டம். 1946 ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்கு வழிவகுத்தது. குளத்து நீரின் அளவை நோக்கி, எத்தனை ஏக்கர் செய்வது, என்று விதைப்பது என்பன அங்கே முடிவாகும். குளம் பாதியாய் நிற்கும் ஆண்டில் அம்முடிவு எளிதன்று. வழக்கமாய் நட்டமடைபவர் கடைவாய்க்காற்காரரே. இலங்கையின் பழைய குளத்துக் கிராமங்களில் இதற்கு ஒரு பரிகாரம் இருந்தது. ‘பெத்ம’ எனப்படும் அம்முறையில், குளத்தையடுத்த வயலை மாத்திரம் விதைத்து, அதனை அப்போகத்துக்கு மட்டும் யாவரும் பகிர்ந்துகொள்வர். தன் வரம்பைப் பிறருக்குத் திறந்துவிட மனம் வேண்டும். ஆதலின் சட்டத்தினாலன்றி அயலார் உறவினாலேயே அது நிலைத்தது.

இக்காலத்தில் வேறு தேவைகளும் சேர்ந்துள்ளன. உன்னிச்சைக் குளம் மட்டக்களப்பு நகரின் குடிநீருக்கும் ஊற்றாகிவிட்டது. ஆற்றில் மணல் அளவின்றி அள்ளப்படுமிடத்து ஆற்றுப்படுகை தாழ்கிறது. அதனோடு கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்குகிறது.

வயலுக்கு வாராது வாவிக்குப் போகும் நீரெல்லாம் வீணென்று எண்ணுவோர் உளர். அது பிழை. ஆற்றின் நன்னீரும் முகத்துவாரத்தால் ஏறும் உவர்நீரும் கலத்தலாலேயே வாவியில் இறாலும் மீனும் பெருகுகின்றன. ஆனால், பயிர்ச்செய்கைக் கூட்டம் கமக்காரருக்கே உரியது. வாவியில் வலை வீசுவோருக்கு அங்கே இடமில்லை.