செத்த கோழி சொல்லும் சேதி

தாம்பரத்தைச் சுற்றி முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை பக்கம் நிலம் மனையாக மாறினாலும், கொல்லையில் நாட்டுக்கோழி வளர்ப்பது நிற்கவில்லை. நேற்று மேய்ந்த கோழி காலையில் செத்துக் கிடந்தால், 'யாரோ விஷம் வைத்துவிட்டார்கள்' என்று பக்கத்து வீட்டோடு சண்டை தொடங்கிவிடும். உண்மையைச் சொல்லக்கூடியது செத்த கோழிதான்.

அறுத்துப் பார்த்தால்...

திடீர் சாவுக்கு முக்கியக் காரணம் வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய். இது வைரஸால் வருவது. பிரேதப் பரிசோதனையில் கால்நடை மருத்துவர் முதலில் பார்ப்பது, இரையை அரைக்கும் பைக்கு முன்னால் உள்ள இரைப்பையை. உள்சுவரில் ஊசியால் குத்தியதுபோல ரத்தப்புள்ளிகள் இருந்தால் இந்த நோயைச் சந்தேகிப்பார். குடலில் ரத்தக்கசிவும் புண்ணும், மூச்சுக்குழலில் சிவப்பும் தெரியலாம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிவதும், வாயைத் திறந்து மூச்சு வாங்குவதும் இதனால்தான்.

கழுத்து திருகிச் செத்த கோழியின் மூளை வெறும் கண்ணுக்கு நன்றாகவே தெரியும். சேதத்தை மைக்ராஸ்கோப்பில்தான் பார்க்க முடியும்.

கல்லீரலில் குண்டூசித் தலை அளவு வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் கோழிக் காலராவாக இருக்கலாம். அது பாக்டீரியா நோய், மருந்து உண்டு. ராணிக்கெட்டுக்கு மருந்து கிடையாது. காரணம் தெரியாமல் மருந்து வாங்கினால் காசும் போகும், மிச்சக் கோழியும் போகும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டில் அறுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலிலும் இதே போன்ற ரத்தக்கசிவு இருக்கும். ஆய்வகச் சோதனைதான் உறுதி சொல்லும். செத்த கோழியைக் கையுறை போட்டு எடுத்து, இரண்டு பாலித்தீன் பைகளில் கட்டி, ஐஸ் வைத்த பெட்டியில் அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் உறுப்புகள் கெட்டுவிடும். மற்றவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். நோய்ப்பட்ட கோழியை விற்றால் அடுத்த ஊருக்கும் நோய் போகும்.

தடுப்பூசிதான் வழி

குஞ்சுக்கு 7-ம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. 8-ம் வாரம் இறக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. ஆரோக்கியமான கோழிக்கு மட்டுமே போட வேண்டும். கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் நடத்தும் இலவச முகாமைத் தவறவிடாதீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் கூடுவாஞ்சேரியைத் தாண்டினால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம். கோழி வளர்ப்பு ஆலோசனை அங்கே கிடைக்கும்.